எழுபதும் காலி வட்டமும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருக்கணும். இங்க நாங்க ரெண்டு பேரும் இப்ப நல்லா இருக்கோம், அந்த "இப்ப"வை ரெண்டு தடவை அடிச்சுட்டு எழுதினேன், போன்ல சொன்னா அழுதுடுவேன்னுதான் எழுதறேன், கடைசி வரைக்கும் படிச்சுட்டு அப்புறமா பதறு.

அப்பாவோட சர்க்கரை அளவை ச-ன்னு வெச்சு, டாக்டர் சொன்னதை நீ எண்கோடா வரைஞ்சு ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டுப் போனியே, ச < 70, ச ≥ 300ன்னு. எழுபதுக்குக் கீழன்னா எழுபது சேராது, அங்க காலி வட்டம், அம்பு இடப்பக்கம்; முந்நூறோ அதுக்கு மேலயோன்னா முந்நூறும் சேர்த்தி, வட்டத்தை நிரப்பி அம்பு வலப்பக்கம்; அம்புப் பக்கம் வந்தா ஆஸ்பத்திரின்னு, உன் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரி எனக்கும் சொன்னே. நேத்து காலையில முன்னறையில தையல் மெஷின் சத்தம் விட்டு விட்டு வந்துச்சு, எட்டிப் பார்த்தா உங்கப்பா சட்டைக் கையைக் கொண்டுபோய்க் கழுத்துல வெச்சுத் தைச்சுக்கிட்டிருக்கார், உடம்பெல்லாம் வேர்வை. விரலைக் குத்திப் பார்த்தா சரியா எழுபது. மனுஷன் நாக்குக் குழற, வட்டம் காலிதானே, நான் எங்கயும் வரலன்னு சிரிக்கிறார். கணக்குப்படி அவர் சொன்னது சரிதான் கண்ணு, ஆனா எழுபதுல நிக்கிறவர் எந்தப் பக்கம் போய்க்கிட்டிருக்கார்னு கோடு சொல்லலையே. சர்க்கரைத் தண்ணி கலக்கிக் குடுத்தேன், வாயில போனதைவிடச் சட்டையில ஊத்தினதுதான் அதிகம். மாடி வீட்டு ஆட்டோக்காரர் ஓடி வந்து ஏத்திக்கிட்டார். வழியெல்லாம் பேச்சுக் குடுத்துக்கிட்டே போனேன், பாதி வழியில பதில் நின்னுபோச்சு. அங்க போய்ப் பார்த்தா ஐம்பத்திநாலு. என் உசுரு என்கிட்ட இல்ல. மருந்து ஏத்தினப்புறம் கண்ணைத் திறந்து, ஆட்டோக்காரருக்குக் காபி குடுத்தியான்னு கேட்டார்.

சரியா எழுபதுன்னா நான் என்ன செய்யறதுன்னு டாக்டர்கிட்ட சண்டையே போட்டுட்டேன். அவர் மாத்திரையைக் குறைச்சுட்டு, இனி எண்பதோ அதுக்குக் கீழயோ வந்தா சர்க்கரை குடுத்துட்டு உடனே கூட்டிட்டு வாங்கன்னார். ஆஸ்பத்திரி பெஞ்சுலயே ச ≤ 80ன்னு நானே எழுதி, எண்பதுல வட்டத்தை நிரப்பி இடப்பக்கம் அம்பு போட்டேன், அழுத்தி அழுத்தி நிரப்பினதுல தாளே கிழிஞ்சுபோச்சு. சரியான்னு பார்த்துச் சொல்லு. வீட்டுக்கு வந்துட்டோம், இப்ப உள்ளறையில தூங்கறார். இந்தக் குறட்டைக்காக எத்தனை வருஷம் சண்டை போட்டிருப்பேன், இன்னிக்கு அது கொஞ்சம் நின்னாலும் பேனாவைப் போட்டுட்டு ஓடறேன்.

நீங்க ரெண்டு பேரும் ஒரு குறையும் இல்லாம நல்லா இருங்க. வேளைக்குச் சாப்பிடு. அப்பாகிட்ட பேசறப்ப ஒண்ணும் தெரியாத மாதிரியே பேசு, அம்மாதான் பயந்துட்டான்னு சொல்லுவார், ஆமாம்பான்னு கேட்டுக்கோ. தூங்கற வரைக்கும் என் கையை அவர் விடவே இல்ல.

என்றும் உன் நினைப்பா இருக்கிற
அம்மா