பழுப்பு நூல்

ஜனவரி 9

அன்புள்ள ஊசிக்கு,

நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

வேறு யாராவது உன் காதில் போடுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ரயிலடிக்குப் பக்கத்தில் புதிதாக ஒருத்தி தோல் கடை போட்டிருக்கிறாள். சேணம், கடிவாளம், வார் எல்லாம் கையால் தைக்கிறாள். விலை உன்னுடையதில் பாதி. பார்த்து வைப்போமே என்று ஒரே ஒரு வயிற்றுவார் வாங்கினேன். என் சவாரிப் பள்ளியில் பத்துக் குதிரைக்கும் நீ தைத்துக் கொடுத்துப் பதினெட்டு வருஷமாகிறது. இனியும் உழை என்றால் அந்தத் தோலுக்கே அழுகை வரும். உன்னிடம் பேரம் பேச எனக்கு வாய் வராது என்று உனக்கே தெரியும். கோபப்படாதேடி.

இப்படிக்கு,
உன் குதிரைவால்

ஜனவரி 17

குதிரைவாலுக்கு,

“அன்புள்ள” போடவில்லை, கவனித்தாயா?

பாதி விலைக்குத் தைக்கிறாளாம்! பாதித் தையல்தான் போட்டிருப்பாள். உன் முதல் குதிரைக்கு முதல் சேணம் தைத்தது யார்? விரலெல்லாம் கட்டுப் போட்டுக்கொண்டு நான்தானே? நேற்று முளைத்தவள் கடை வாசலில் போய் நிற்க உனக்கு எப்படிக் கால் வந்தது?

பொறாமையா என்று கேட்பாய். ஆமாம், பொறாமைதான். பள்ளிக்கூடத்தில் நீ இன்னொருத்தி பக்கத்தில் போய் உட்கார்ந்த அன்றும் இதே வயிறுதான் எரிந்தது. அது இன்னும் ஆறவில்லை, வைத்துக்கொள்.

ஆனால் ஒன்று. வயிற்றுவார் அறுந்தால் சேணம் சரியும், மேலே இருப்பவள் மண்ணைக் கவ்வுவாள். விளையாட்டுக் காரியம் இல்லை. அதை எனக்கு அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன். அப்புறம் பத்துக்கும் அவளிடமே வாங்கு, எனக்கென்ன வந்தது?

ஊசி

பிப்ரவரி 1

அன்புள்ள ஊசிக்கு,

நான் “அன்புள்ள” போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

வாரை இத்துடன் அனுப்புகிறேன். உன் கண்ணுக்குத் தப்பாது. நீ சரி என்றால்தான் மீதியை வாங்குவேன்.

ரயிலடிக்காரியிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். “அவங்க தச்சத ஒரு தடவ தொட்டுப் பாக்கலாமா?” என்று கேட்டாள். வெள்ளைக் குதிரையின் சேணத்தை மடியில் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இதைக் கேட்டு உனக்குத் தலையில் கொம்பு முளைத்துவிடப் போகிறது.

உன் குதிரைவால்

பிப்ரவரி 11

அன்புள்ள குதிரைவாலுக்கு,

இங்கே மழை விட்டபாடில்லை. ஊறவைத்த தோல் காயாமல் மேசையெல்லாம் வீச்சம்.

வாரைப் பார்த்தேன். தோல் பரவாயில்லை. பக்கிளும் பரவாயில்லை. தையல் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பார்வைக்கு நன்றாக இருப்பதெல்லாம் உழைக்குமா என்று நான் என்ன சொல்ல? கை இன்னும் பழகவில்லை என்று என் மனசுக்குப் படுகிறது. அப்புறம் உன் இஷ்டம். திருப்பி அனுப்பிவிட்டேன்.

உன் ஊசி

மார்ச் 4

அன்புள்ள ஊசிக்கு,

கையெழுத்து என் மகளுடையது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். பயப்படாதே, உயிருக்கு ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை வேலி தாண்டும்போது அந்த வயிற்றுவார் பக்கிள் தைத்த இடத்தில் விட்டுக்கொண்டது. சேணத்தோடு விழுந்தேன். வலது காறை எலும்பு முறிந்துவிட்டது. அன்று அந்தக் குதிரையில் ஏற வேண்டியவள் ஏழு வயசுப் பெண். புது வாராயிற்றே என்று நான் முதலில் ஏறிப் பார்த்தேன்.

நீ சொன்னாய், நான்தான் கேட்கவில்லை. ரயிலடிக்காரி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முகம் கொடுத்துப் பேசாமல் அனுப்பிவிட்டேன். மற்ற சவாரிப் பள்ளிக்காரர்களிடமும் சொல்லியாயிற்று. இனி அவளிடம் யாரும் வாங்கமாட்டார்கள்.

பத்துக்கும் நீயே தை. விலை என்னவானாலும் சரி.

உன் குதிரைவால்

மார்ச் 9

என் குதிரைவாலுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் நான் சந்தோஷப்பட்டேன். எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். நீ எலும்பு முறிந்து கிடக்கிறாய், “பத்துக்கும் நீயே தை” என்ற வரியில் என் மனசு குதிக்கிறது. ஒரு நிமிஷம்தான். பக்கிள் தைத்த இடம் என்றது அப்புறம்தான் உறைத்தது.

அது அவள் தையல் இல்லையடி. என் தையல்.

குறை கண்டுபிடிக்கத்தான் வாரைக் கேட்டு வாங்கினேன். வெளியே ஒன்றும் கிடைக்கவில்லை. உள்ளே ஏமாற்றியிருப்பாள் என்று பக்கிள் தையல் முழுவதையும் பிரித்தேன். இரண்டு ஊசி போட்டு இரண்டு பக்கமும் இழுத்த தையல், நன்றாக மெழுகேற்றிய நூல், ஒவ்வொரு முடிச்சும் என்னுடையதைவிட இறுக்கம். பிரிக்கப் பிரிக்க எனக்கு அழுகைதான் வந்தது.

பிரித்தது உனக்குத் தெரியக்கூடாதே என்று திரும்பத் தைத்தேன். அவள் நூல் பழுப்பு. சேணத்துக்கு நான் போடுவது எப்போதும் கறுப்புதான். பழுப்பில் என்னிடம் இருந்தது கைப்பை தைக்கிற மெல்லிய நூல். அதைப் போட்டேன். பைக்குத் தாங்கும், குதிரைக்குத் தாங்காது என்று தெரியாதவளா நான்? கறுப்பிலேயே தைத்திருந்தால் என் மானம் மட்டும்தான் போயிருக்கும்.

அறுந்த நூலை எடுத்துப் பார், புரியும். அவளிடம் சொல். எல்லோரிடமும் சொல். இந்தக் கடிதத்தையே காட்டு.

ஊசி

ஏப்ரல் 28

ஊசிக்கு,

இந்தத் தடவை “அன்புள்ள” நான் போடவில்லை.

அதற்குப் பிறகு நீ எழுதிய மூன்று கடிதமும் வந்தது. பதில் எழுதக் கை வரவில்லை. கை சரியான பிறகும் வரவில்லை.

சவாரிப் பள்ளி ஒவ்வொன்றாகப் போய் நடந்ததைச் சொன்னேன். ரயிலடிக்காரியிடம் மன்னிப்புக் கேட்டு உன் கடிதத்தைக் கொடுத்தேன். திட்டப்போகிறாள் என்று நின்றேன். இரண்டு தரம் படித்தாள். “அவங்க முழுசாப் பிரிச்சுப் பாத்தும் ஒரு குறைகூடக் கிடைக்கலையா?” என்றுதான் கேட்டாள். கடிதத்தைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்றாள். கொடுத்துவிட்டேன். கடைச் சுவரில் மாட்டியிருக்கிறாள். ஒன்பது குதிரைக்கு அவள்தான் தைக்கிறாள்.

வெள்ளைக் குதிரைக்கு மட்டும் உன் சேணம்தான். மாற்ற மனசு வரவில்லை. நேற்று மறுபடி ஏறினேன். ஏறுவதற்கு முன்னால் உன் தையல் ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

குதிரைவால்