பிளாஸ்திரி ஒட்டிய படம்

சாரல் விழும்போதும் கறுப்புக் கண்ணாடியோடு குற்றாலத்தில் திரிகிற கிறுக்கன் நான் ஒருவன்தான். நேற்று உன் பழைய கண்ணாடி வழியே கைபேசியைப் பார்க்கத் தலையைச் சாய்த்தேன். திரை சட்டென்று இருண்டு, என் முகம் மட்டும் அதில் மிதந்தது. மிரண்டுபோனேன்.

தென்காசியில் நீ எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்த சின்ன அறையிலும் இப்படித்தான். உடைந்த டிவித் திரையிலிருந்து உரித்த கண்ணாடித்தாளை, எக்ஸ்ரே படம் பார்க்கிற லைட் பாக்ஸில் ஒட்டி, உன் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த இந்தக் கண்ணாடியை என் மூக்கில் மாட்டினாய்.

"ஏலே, இப்பப் பாரு."

எரிந்துகொண்டிருந்த பெட்டி காணாமல் போனது. நீ ஃபிலிமைச் செருகியதும், கும்மிருட்டின் நடுவே விலா எலும்புகள் மட்டும் பிடிமானமின்றித் தொங்கின.

"பெட்டி வெளிச்சத்த அந்தத் தாளும் இந்தக் கண்ணாடியும் சேந்து தடுத்துரும். ஃபிலிம் வழியா வாரத மட்டும் விடும். சுத்தி வெளிச்சம் கூசினா மெல்லிசான நெழலு தப்பிச்சிரும்லே."

தப்பவில்லை. இடது மேல்பக்கம் நெல்லிக்காய் அளவில் வெளுப்பு. பெயர் இருக்கும் மூலையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாய்.

"யாருலே இது?"

"பண்பொழி ஊர்க்காரரு ஒருத்தரு. நுரையீரல்ல கட்டி. வீட்ல சொல்லணுமா, வேண்டாமா? நீ என்ன சொல்லுத?"

என் வாய்தான் சும்மா இருக்காதே. "எதுக்குலே சொல்லி அழ வைக்க? சீசன் முடியுற மட்டும் அருவியில நின்னுட்டுப் போட்டும்!"

என்னைவிடச் சத்தமாகச் சிரித்தாய். அந்தச் சீசனில் ஒருநாள் விடாமல் ஐந்தருவிக்கு வந்தாய். இருமினால், "தண்ணி பொறையேறிட்டு" என்பாய். நானும் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். ஐப்பசியில் போய்விட்டாய்.

பதினாறாம் நாள் உன் மனைவி, ஒட்டிய கவர் ஒன்றை நீட்டினாள். "ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாவ, அண்ணாச்சி. என்னப் பிரிக்கக் கூடாதுன்னாவ."

கொல்லைப்பக்கம் போய்ப் பிரித்தேன். அதே படம். நகத்தால் பிளாஸ்திரியை உரித்தேன். உன் பெயர்.

திரும்பி வந்தேன். அவள் கவரைப் பற்றிக் கேட்கவில்லை. "முன்னாலயே தெரிஞ்சிருந்தா மதுரைக்காவது கூட்டிட்டுப் போயிருப்பேன். ஒங்ககிட்ட ஏதும் சொன்னாவளா?"

தென்காசியில் தும்மினால் செங்கோட்டைக்குச் செய்தி அனுப்புகிறவன் நான். "இல்லம்மா" என்றேன்.

இப்போதும் ரதவீதியில் கண்டால் கேட்கிறாள். நானும் அதையே சொல்கிறேன். உடனே என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

"வருத்தப்படாதீய அண்ணாச்சி. ஒங்ககிட்டயே சொல்லலன்னா, யாருகிட்டயும் யோசன கேட்டிருக்க மாட்டாவ."

அவள் தருகிற அந்த ஆறுதலைத்தான் வீடுவரைக்கும் சுமந்து வருகிறேன்.