கழுத்துக்கு மேலே

இன்று காலை ஷட்டரைத் தூக்கியதும் ஒருவர் வந்தார். இறந்துபோன அம்மாவின் ஆதார் அட்டையை நீட்டி, "இதில உள்ள மூஞ்சிய எடுத்து, நல்ல பட்டு உடுத்தி இருக்கப்பட்ட மாதிரி ஒரு படம் வேணும்" என்றார். லேமினேஷன் மிஷின் சூடாகிக்கொண்டிருந்தது. உனக்குத் தலைவலி வரவைக்கும் அந்தப் பிளாஸ்டிக் வாடை கடை முழுவதும் நிறைந்திருந்தது. என் கை தன்பாட்டுக்கு மவுஸை நகர்த்தி உன் உடம்பு இருக்கும் ஃபோல்டரைத் திறந்துவிட்டது. பச்சைப் பட்டு, அரக்கு பார்டர், மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள். கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. வந்தவர் எட்டிப் பார்த்து, "இது கொள்ளாம், நல்லா இருக்கு" என்றார்.

நாம் இருவரும் குழித்துறையில் இந்தக் கடையைத் தொடங்கிய புதிதில் கல்யாணத்தைவிடச் சாவுதான் நமக்குச் சோறு போட்டது. அம்மாவை உயிரோடு இருக்கும்போது ஒருநாள் கூட ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போகாத மகன்கள், அவள் போன மறுநாள் அட்டைப் படத்தோடு வந்து, பட்டு வேண்டும், மாலை வேண்டும், பின்னால் பூந்தோட்டம் வேண்டும் என்பார்கள். நாம் முகத்தைத் தனியே வெட்டி, நெட்டில் கிடைத்த உடம்பின்மேல் வைத்து, நிறம் சேர்த்து, வெளிச்சம் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக லேயர் அடுக்கிக் கொடுப்போம். அந்த உடம்புகள் எல்லாம் வடநாட்டுக்காரிகளுடையவை. முந்தானை வலது தோளிலிருந்து முன்னால் விழும். ஒரு படத்தை அப்படியே கொடுத்துவிட்டோம். "எங்க அம்மை எந்தக் காலத்துல இப்பிடி உடுத்தினா? இது சேட்டுக்குப் பொண்டாட்டில்லா" என்று சாமியார்மடத்துக்காரர் ஒருவர் கடைவாசலில் நின்று கத்தினார். நியாயம்தான்.

அன்றைக்குத்தான் நீ சொன்னாய்: "ஏட்டி, நான் இருந்து தாறேன். கழுத்துக்குக் கீழ எனக்கு ஒரு குறையும் இல்லல்லா."

கழுத்துக்கு மேலே இருந்ததைக் குறை என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் உன் வீட்டார். உதட்டோரத்தில் தொடங்கி மோவாய் வரை இறங்கிய வெண்படை. தொட்டால் ஒட்டாது, வலிக்காது, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாது. ஆனால் உன் அண்ணனுக்கு அது குடும்பத்தின் மானப் பிரச்சினை. துபாயில் சம்பாதித்து டைல்ஸ் பதித்த வீட்டில், தங்கை முகத்தில் ஒரு வெள்ளை திட்டு இருப்பதை அவனால் பொறுக்க முடியவில்லை. விசேஷ வீட்டில் எல்லோரும் படத்துக்குக் கூடும்போதெல்லாம் அண்ணன் பெண்டாட்டி, உன் மைனி, "நீ போயி பாலு பொங்குதான்னு பாரு பிள்ளே" என்பாளாம். நீயே சிரித்துக்கொண்டு சொல்வாய்: "எனக்க அண்ணனுக்க கல்யாண ஆல்பத்தை ஒண்ணுவிடாம தேடினாலும் என்னெக் காணாது. நான் அன்னு முழுக்க பாலு காய்ச்சிட்டு நின்னேன்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள்மேல் அன்று தொடங்கிய இளக்காரம் இன்றுவரை ஒரு பிடி குறையவில்லை.

ஸ்டூலில் உன்னை உட்காரவைத்துப் படமெடுத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. எப்படியும் தலையை மறைக்கப்போகிறோம் என்று உன்னை முழுவதுமாகவே ஃபிரேமில் வைத்திருந்தேன். "செத்தவளாட்டம் கொஞ்சம் கம்பீரமா இரிட்டி" என்று நான் சொல்ல, உனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உடம்பு ஆடாமல் முகம் மட்டும் சிரித்த அந்தப் படத்தைத்தான் தேர்ந்தெடுத்தோம். தலையை மறைத்து, அந்த லேயருக்கு நீயே 'பட்டு ஒண்ணு' என்று பெயர் வைத்தாய்.

அப்புறம் நீ போகாத வீடு இல்லை. மணவாளக்குறிச்சியில் மீன்காரக் கிழவிக்குக் கீழே நீ. திங்கள்சந்தையில் ஓய்வுபெற்ற டீச்சருக்குக் கீழே நீ. பஸ்ஸில் போகும்போது கதவு திறந்த வீட்டுச் சுவரில் உன் பச்சைப் பட்டைப் பார்த்தால் என்னை இடித்துக் காட்டுவாய். முகங்களைப் பற்றி உனக்கு ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. "பின்னால உள்ளத மாத்து, உடுத்திருக்கத மாத்து, வெளிச்சத்த மாத்து. தோலை மட்டும் தொடாத. பிறவு அது அவியிச்ச முட்டைக்குக் கண்ணு எழுதின மாதிரி ஆயிரும்." முகத்தை வெளுப்பாக்கித் தரச்சொல்லி வருகிறவர்களை நீ பேசிப் பேசியே திருப்பி அனுப்புவாய். அவர்கள் களியக்காவிளைப் பக்கம் ஒரு கடைக்குப் போவார்கள். அங்கே கிழவி உள்ளே போனால் குமரி வெளியே வருவாள்.

சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தாய். எழுந்திருக்கவில்லை. அதைப்பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு முன்னால் உன் அண்ணன் பென் டிரைவோடு கடைக்கு வந்தான். களியக்காவிளைக் கடையில் உன் படத்தை டிஜிட்டல் ஆர்ட்டாகச் செய்து வாங்கியிருக்கிறான். பெரிய கேன்வாஸில் அடித்துத் தரவேண்டுமாம். "நீங்க செய்தா மனசு தாங்காதுன்னுதான் வெளிய குடுத்தேன். பிரிண்ட் இஞ்ச அடிக்கலாம்லா, அவளுக்க கடைதானே" என்றான். உன் கடை என்பது, ஓசியில் வேலை ஆகவேண்டிய அன்றைக்கு அவனுக்கு நினைவுக்கு வந்திருக்கிறது.

திறந்தேன். உலக அழகி ஒருத்தி திரையில் வந்து நின்றாள். ரோஜா நிறம், செதுக்கிய மூக்கு, கண்ணுக்குள் இரண்டு நட்சத்திரம், தலைக்குப் பின்னால் சாமிக்குப் போடுவது போல ஒளிவட்டம். கழுத்தில் நீ கண்ணால்கூடக் காணாத ஆரம். அந்தக் கடைக்காரனுக்கு லேயர்களை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் அளவுக்குக்கூடத் தொழில் தெரியவில்லை. எல்லாம் அடுக்கு அடுக்காக அப்படியே கிடந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் இருக்கும் கண் அடையாளத்தை உன் அண்ணன் முன்னாலேயே அணைத்துக்கொண்டு வந்தேன். நட்சத்திரம் போனது. ஒளிவட்டம் போனது. ஆரம், உதட்டுச் சாயம், புது மூக்கு, ரோஜாத் தோல் எல்லாம் போயின. அடியில் நீ இருந்தாய். வாக்காளர் அட்டைப் படம். உதட்டோரத்திலிருந்து மோவாய் வரை வெள்ளையாக, யாரையும் சட்டைசெய்யாத அதே பார்வையோடு.

உடம்பு லேயரின் பெயர் 'பட்டு ஒண்ணு'. அந்தக் கடைக்காரன் எங்கேயோ நம் ஃபைலைத் திருடியிருக்கிறான். பெயரைக்கூட மாற்றவில்லை. உன்னை அழகாக்குகிறேன் என்று உன் முகத்தை மறைத்து, உன் உடம்பின்மேலேயே உன்னைக் கொண்டு ஒட்டவைத்திருக்கிறான். அதற்கு உன் அண்ணன் காசும் கொடுத்திருக்கிறான்.

"இதுதான் அவ. இத அடிச்சுத் தாறேன்" என்றேன்.

அவன் திரையைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தான். "நாலுபேரு வருவாவ. பிள்ளையளுக்கு நாளைக்குக் கல்யாண ஆலோசனை வரும்போ இதும் ஒரு பேச்சாவும். மேல உள்ளத அடிங்க."

"இந்த மிஷின்ல அந்த மூஞ்சி அடிக்காது" என்றேன். அவன் வேறெங்கோ கொண்டுபோய் அடித்துக்கொண்டான். சுற்றி சீரியல் பல்பு போட்டு ஹாலில் மாட்டினான்.

அடியந்திரத்தன்று போனேன். உனக்காகப் போகவில்லை, உன் அம்மைக்காகப் போனேன். வந்தவர்கள் படத்தைப் பார்த்து, "என்ன ஐசுவரியமா இருக்கா" என்றார்கள். உயிரோடு இருந்தபோது உன் கையால் காப்பி வாங்கிக் குடிக்கத் தயங்கியவர்கள். அம்மையைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து படத்தின் முன் நிறுத்தினார்கள். மேலே பார்த்தாள். பிறகு கண்ணைச் சுருக்கிக் கீழே பார்த்தாள். மடியில் இருந்த கையில், பிறந்ததிலிருந்தே வளைந்திருக்கும் உன் சுண்டுவிரலைப் படத்தின்மேல் விரல்வைத்துத் தொட்டாள்.

"கை எனக்க பிள்ளைக்க கையாக்கும்" என்றாள். "மூஞ்சி ஆருக்கதுலே?"

உன் அண்ணன் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டான். மைனிக்கு அடுக்களையில் வேலை வந்துவிட்டது. இந்தமுறை பால் பொங்குதா என்று பார்க்க அவளேதான் போகவேண்டியிருந்தது.

நாம் எதையும் அழிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும், மறைக்க மட்டும்தான் செய்வோம். மறுநாள் நம் பழைய ஃபைலைத் திறந்து, தலைமேல் போட்ட மறைப்பை எடுத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாய். பின்னால் இருந்த கடைச்சுவரை மட்டும் கொஞ்சம் இருட்டாக்கினேன், உன்மேல் இருந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினேன். தோலைத் தொடவில்லை. அம்மையின் அறையில் கட்டிலுக்கு எதிரே நானே ஆணியடித்து மாட்டினேன். உன் அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது வருகிறவர்கள் ஹாலில் உள்ள படத்தைப் பற்றிக் கேட்டால் அம்மை சொல்கிறாளாம்: "அது அவனுக்க தங்கச்சி. எனக்க மவ இஞ்ச இருக்கா."

செத்த வீட்டுக்காரர்களிடம் என்ன பகை, விட்டுவிடு என்று ஆட்கள் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். பகைக்கு ஒரு தகுதி வேண்டும். எனக்கு அவர்களிடம் இருப்பது இளக்காரம் மட்டும்தான், அதை விடுவதாக உத்தேசமில்லை.

போன வாரம் போனபோது அம்மை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் போனா இவன் எனக்கும் இதுபோல ஒண்ணு செய்வான் மக்கா. அன்னு நீதான் செய்யணும். வேற ஆருக்க உடம்பும் எனக்கு வச்சிராத. இவளுக்கத வையி" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். அந்த வேலை எனக்கு வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டு, சொன்ன சொல்லோடு திரிகிறேன்.