எஞ்சினுக்கு வைத்த பொட்டு

6 அக்டோபர் 2002, ஞாயிறு

இந்த வார இதழ் வந்துவிட்டது. நீல ஓவியங்கள் பற்றி நான் எழுதியதில் ஆசிரியர் திருநாவுக்கரசு ஒரு வரிகூட வெட்டவில்லை. ஓவியர் அலுவலகத்துக்குப் போன் போட்டுத் திட்டினாராம். திட்டட்டும். ஒரே நீலத்தை முப்பது சட்டத்துக்குள் மாட்டிவிட்டுக் கடல் என்று பேர் வைத்தால், நான் கேட்கத்தான் செய்வேன்.

என் வீட்டுக்காரர் ஹமீது படிக்க மாட்டார். "நீ படிச்சுக் காட்டு, கேட்டுக்கறேன்" என்று ஒரு கண்ணாடிக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார். செங்கல்பட்டு பஜாருக்கே பார்வை சரிபண்ணுகிறவருக்கு என் கட்டுரை மட்டும் காது வழியாகத்தான் போக வேண்டும்.

16 அக்டோபர், புதன்

பூஜை விடுமுறை முடிந்து, கூட்டமில்லாத நாளாகப் பார்த்து எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்தேன். திறப்பு விழாவுக்கு நான் போவதில்லை. குத்துவிளக்கு, சால்வை, மிக்சர் தட்டு. இதற்கு நடுவில் யார் படம் பார்க்கிறார்கள்? மற்ற விமர்சகர்கள் அன்றைக்கே கையேட்டை வாங்கிப்போய் அதையே திருப்பி எழுதிவிடுகிறார்கள். நான் கையேட்டைத் தொடுவதே இல்லை. கண்ணுக்குத் தெரிவதைத்தான் எழுதுவேன்.

சென்னைக் கலைக்கூடத்தின் நடு ஹாலில் ஜெஸ்ஸி என்ற முட்டுக்காட்டுச் சிற்பியின் வேலை. பழைய விசைப்படகு எஞ்சினைப் பிரித்து, வெட்டி, மறுபடி வெல்டிங் வைத்து, பளபளக்கும் கருங்கல் பீடத்தில் உட்கார்த்தியிருக்கிறாள். "ஓய்வு" என்று பேர். கரி பிடித்த இரும்பில் நாலைந்து இடத்தில் சந்தனம் தீற்றி, நடுவில் குங்குமம். அப்படியே நின்றுவிட்டேன். நாளெல்லாம் உழைத்த ஒருத்தி முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. இந்தப் பெண்ணுக்கு என்ன தைரியம்.

ஹாலைக் காவல் காக்கும் லோகநாயகி படாளத்திலிருந்து வருகிறவள். ரயிலில் பழக்கம். "இன்னா யம்மா, அதையே பாத்துகினு நிக்கிற?" என்றாள். "ரொம்ப அழகா இருக்கு லோகா. அந்தப் பொட்டுதான் உயிரே" என்றேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தினமும் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து ரசனை வந்துவிட்டது போல.

17 அக்டோபர்

எழுதி அனுப்பிவிட்டேன். பொட்டுக்கு மட்டும் மூன்று பத்தி. இவ்வளவு நன்றாக எழுதி நாளாயிற்று.

27 அக்டோபர், ஞாயிறு

கடையில் வைத்து ஹமீதுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாவது பத்தியிலேயே கையை உயர்த்தினார்.

"நீ என்னிக்குப் போனே?"

"புதன்கிழமை."

"ஆயுத பூஜை என்னிக்கு?"

"திங்கள். அதுக்கென்ன?"

பக்கத்து சம்பத்தின் லேத் பட்டறையைக் காட்டினார். போய்ப் பார்த்தேன். லேத், கிரைண்டர், பெஞ்சு, ஷட்டர், எல்லாவற்றிலும் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். எங்கள் கடைப் பலகையிலும்கூட ஒன்று. சம்பத் வைக்கும்போது நமக்கும் சேர்த்து வைத்துவிடுவான், வருஷா வருஷம்.

"லேத்துக்கு வெச்சா பொட்டு. மெட்ராஸ்ல வெச்சா ஆர்ட்டா?" என்று ஹமீது விழுந்து விழுந்து சிரித்தார்.

இருக்காது. சிற்பியேதான் வைத்திருப்பாள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

29 அக்டோபர்

அப்படி இல்லை. ஜெஸ்ஸி போன் செய்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "கையேட்ல போட்டோ இருக்கு மேடம். அதுல பொட்டு இருக்கான்னு பாருங்க" என்று வைத்துவிட்டாள்.

இதழைப் படித்துவிட்டுத்தான் ஹாலுக்கு ஓடியிருக்கிறாள். பொட்டைப் பார்த்ததும் நேரே டைரக்டரிடம் புகார்.

30 அக்டோபர்

லோகநாயகி கடைக்கே வந்துவிட்டாள். கலைப்பொருளைச் சேதப்படுத்தியதாக அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை முடிந்து வீட்டுக்கே அனுப்பினாலும் அனுப்புவார்களாம். ஹமீது ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"தொடப்பத்துக்கு வெச்சேன், டார்ச் லைட்டுக்கு வெச்சேன், நெருப்பு அணைக்கிற டப்பாவுக்குக்கூட வெச்சேன். எஞ்சின் ஒண்ணு மட்டும் வெறும் நெத்தியா கீது. மனசு கேக்கல யம்மா."

"நீ வெச்சதுன்னு எனக்குத் தெரியாது லோகா" என்றேன்.

"நீ நல்லாத்தான் எழுதினே, என் தங்கச்சி பொண்ணு படிச்சுக் காட்டுச்சு. ஆனா ஏன் எழுதினே? தீபாவளிக்குச் சுத்தம் பண்றப்ப நானே தொடச்சிருப்பேன். எவனுக்கும் தெரிஞ்சிருக்காது."

அவள் போன பிறகு கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். என்னத்த எழுதி என்னத்த கிழிச்சேன். பொட்டு தெரியாதா எனக்கு? இந்த பஜாரிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆனால் அந்த ஹாலுக்குள் நுழைந்தால் எல்லாம் கலையாகத்தான் தெரிகிறது. தெருவில் இருக்கும் கண்ணை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகிறேனா?

1 நவம்பர்

திருநாவுக்கரசிடம் மறுப்புப் போட வேண்டும் என்றேன். "போன இதழ் போன இதழோட போச்சு. விட்ருங்க மேடம். நம்மளே நம்மள அசிங்கப்படுத்திக்கணுமா?" என்றார். விட மாட்டேன் என்றேன். அப்படியானால் பார்க்கலாம் என்றார்.

10 நவம்பர், ஞாயிறு

நோன்பு ஆரம்பித்துவிட்டது. முட்டுக்காட்டுக்கு இரண்டு பஸ் மாறி, கேளம்பாக்கத்திலிருந்து ஆட்டோ. போட் ஹவுஸைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகைதான் ஜெஸ்ஸியின் பட்டறை. முப்பது வயதுதான் இருக்கும். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தாள். காபி போட எழுந்தவள், நோன்பு என்றதும் தனக்கும் வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டாள்.

"புகாரைத் திரும்ப வாங்கிக்கங்க. அந்தம்மா பாவம்" என்றேன்.

"எட்டு மாசம் அந்த எஞ்சினோட கெடந்தேன் மேடம். பொட்டுக்கு மூணு பத்தி, எஞ்சினுக்கு ஒரு வரி. எனக்கு அந்தம்மா மேல அவ்வளவு கோபம்கூட இல்ல. உங்க மேலதான்."

"அப்ப என்னை சஸ்பெண்ட் பண்ணச் சொல்லுங்க."

சிரிக்கவில்லை. "இப்ப தொடச்சாச்சு. திரும்பப் போய்ப் பாருங்க. என் வேலையைப் பத்தி எழுதுங்க. அது வரட்டும், நான் டைரக்டர்கிட்ட பேசறேன்."

சரி என்று சொல்லியிருக்கலாம். லோகாவுக்கு வேலை கிடைத்திருக்கும். ஆனால் அதற்கப்புறம் நான் எழுதுவதற்குப் பேர் விமர்சனமா, ஜாமீனா? "பார்க்கறேன், எழுதறேன். ஆனா பிடிக்கலன்னா பிடிக்கலன்னுதான் எழுதுவேன். அதனால நீங்க முதல்ல போய்ப் பேசுங்க. நான் என்ன எழுதப்போறேன்னு தெரியாமலே பேசுங்க."

கண்ணாடியை மறுபடி இறக்கிக்கொண்டாள். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

பஸ்ஸில் வரும்போது என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். ஒருத்தி சோத்துல மண்ணைப் போட்டுட்டு எனக்கு என்ன கொள்கை வேண்டிக்கிடக்கு? ஆனாலும் இன்னொரு தரம் கேட்டால் இதையேதான் சொல்வேன்.

13 நவம்பர், புதன்

மதியம் வரை அந்த எஞ்சின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். லோகநாயகியின் நாற்காலியில் வேறு யாரோ. இந்தத் தடவை கையேடும் வாங்கினேன்.

பொட்டு இல்லாமல் பார்க்க முதலில் வெறிச்சென்றிருந்தது. அப்புறம் மெதுவாகக் கண் பழகியது. "ஓய்வு" என்று பேர் வைத்தாளே தவிர, அந்த எஞ்சின் ஓய்ந்துபோகவில்லை. சுழலும் தண்டை ஒரு விரல்கடை மேலே தூக்கி ஒட்டியிருக்கிறாள். யாராவது கயிற்றைச் சுற்றி இழுத்தால் கிளம்பிவிடும் என்கிற மாதிரி. இதை அன்றைக்கு நான் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

ஆனால் அந்தக் கருங்கல் பீடம் படு தப்பு. கடலில் கிடந்து உழைத்த இரும்பைப் பரிசுக் கோப்பை மாதிரி தூக்கி வைத்திருக்கிறாள். இரண்டையும்தான் எழுதப்போகிறேன்.

18 நவம்பர், திங்கள்

லோகநாயகி வேலைக்குத் திரும்பிவிட்டாள். ரயிலில் அவளே சொன்னாள். ஜெஸ்ஸி போன புதன்கிழமையே டைரக்டரைப் பார்த்து, எந்தச் சேதமும் இல்லை, புகார் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாளாம். சாயங்காலம் வந்தாளாம். அதாவது நான் ஹாலை விட்டு வந்த பிறகு. என் கட்டுரை அப்போது பிறக்கவே இல்லை.

24 நவம்பர், ஞாயிறு

வந்துவிட்டது. முதல் பத்தியில் என் தப்பு. இரண்டாவதில் அந்தத் தண்டு. மூன்றாவதில் பீடம். திருநாவுக்கரசு முதல் பத்தியை வெட்டப் பார்த்தார். அதை வெட்டினால் மற்றதும் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

ஹமீது தானே எடுத்துப் படித்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. இஃப்தாருக்குச் சமோசா கூடுதலாக வாங்கி வந்தார்.

ஜெஸ்ஸி போன் செய்தாள். "பீடத்தைப் பத்தி நீங்க எழுதினது தப்பு. நான் ஒத்துக்கவே மாட்டேன்" என்றாள். பிறகு, "ஆனா அது என் பீடம். வேற யாரும் வெச்ச பொட்டு இல்ல" என்றாள்.

14 செப்டம்பர் 2003, ஞாயிறு

ஜெஸ்ஸியின் புதிய கண்காட்சி, அதே ஹால். நங்கூரங்கள், வலை உருளைகள், எல்லாவற்றுக்கும் மேல் ஏதோ பச்சை வெளிச்சம் வேறு. போன தடவை இருந்த துணிச்சல் இல்லை. தன்னைத் தானே காப்பி அடிக்கிறாள் என்று எழுதியிருந்தேன். இன்று இதழ் கடைக்கு வந்தது.

ராத்திரி எட்டு மணிக்கு அவளிடமிருந்து போன். வரிக்கு வரி படித்திருக்கிறாள், இரண்டு இடத்தில் சண்டை போட்டாள். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. ஹமீது கடையை இறக்கிச் சாத்தும் நேரம் வரை பேசினோம்.

அடுத்த ஞாயிறு முட்டுக்காட்டில் மதியச் சாப்பாடு. லோகநாயகியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறாள்.