ஆறு ஏக்கர் நஞ்சையும் ஒரு கிரெடிட் கார்டும்

பெருங்குடிச்சேரி,
நன்னிலம் வட்டம்.
19.11.2024

என் அன்புக் கணவருக்கு, குந்தவை எழுதுகிறேன்.

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் விஷயம். நாம் ஜெயித்துவிட்டோம். பேங்க் ஒப்புக்கொண்டுவிட்டது! இந்த மாதம் பதினைந்தாம் தேதியிலிருந்து உங்கள் கிரெடிட் கார்டுக்கு வட்டி கிடையாது. தாமதக் கட்டணம், அபராதம் என்று போட்டிருந்த பதினாலாயிரத்தையும் தள்ளிவிட்டார்கள். மீதி ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரத்து நானூறு. மாதம் நாலாயிரத்துத் தொள்ளாயிரம் வீதம் மூன்று வருஷம். முதல் தவணை பிப்ரவரியில்தான். மூன்று தடவை பெருக்கிப் பார்த்துவிட்டேன், சரியாகத்தான் வருகிறது.

இதையெல்லாம் வருகிற ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லலாம். ஆனால் சென்னையிலிருந்து நண்பர் போனை வாங்கி நீங்கள் பேசுவதே இரண்டு நிமிடம். அதிலும் "சாப்பிட்டியா, பாப்பா தூங்கிட்டாளா, அப்பாவுக்குத் தெரியுமா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்கள். உங்கள் போனை அணைத்து வைத்திருப்பதில் எனக்குக் கோபமில்லை. நாள் முழுக்க வசூல்காரர்கள் ஏசினால் யார்தான் எடுப்பார்கள்? அதனால்தான் ஸ்பீடு போஸ்ட். பேங்க் கொடுத்த கடிதத்தின் நகலும் உள்ளே இருக்கிறது.

முதலில் நம்முடைய மடத்தனத்தைச் சொல்லி முடிக்கிறேன். நகைக்கடனுக்கு வருஷா வருஷம் வட்டியைக் கட்டித் திருப்பி வைத்தே பழகிவிட்டோம். கார்டு பில்லில் குறைந்தபட்சத் தொகை என்று பார்த்ததும் அதுவும் அப்படித்தான், கட்டிவிட்டால் அசல் பேசாமல் கிடக்கும் என்று இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தோம். கம்பெனி உங்களை நிறுத்திய பிறகும் ஐந்து மாதம் அப்படியே கட்டினோம். மளிகையும் பாப்பாவின் ஸ்கூல் பீசும் அதே கார்டில்தான். நகைக்கடனுக்கு வருஷத்துக்குப் பத்து வட்டி என்றால் இதற்கு நாற்பதுக்கு மேல் என்று எனக்குத் தெரிந்தது ஆகஸ்டில். அன்றைக்குத்தான் கார்டின் பின்னால் இருக்கிற நம்பருக்கு நானே போட்டேன். முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்க வைத்த பிறகு ஒரு பெண் பேசினாள். வேலை போனவர்கள் அதற்கான கடிதத்தை வைத்து, வருமானம் இல்லை என்று எழுதிக் கேட்டால் தவணையைக் குறைத்து வட்டியை நிறுத்த ஒரு ஏற்பாடு இருக்கிறது என்றாள். நாமாகக் கேட்டால்தான் உண்டாம். அதற்குத்தான் உங்களிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன்.

இனிமேல் எழுதப்போவது நான் உங்களிடம் மறைத்தது. அப்பாவுக்குத் தெரியாது என்று ஞாயிறுதோறும் சொன்னேனே, அது பொய். செப்டம்பரிலிருந்தே மாமாவுக்குத் தெரியும்.

நம் விண்ணப்பத்தை விசாரிக்க பேங்கிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். வந்த நேரம் மதியம் பன்னிரண்டரை. நான் பாப்பாவின் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பன்னிரண்டரைக்கு நம் வீட்டு வாசல் ஏறினால் அது யாராக இருந்தாலும் இலை போடாமல் மாமா விடுவாரா? உட்கார வைத்து, முருங்கைக்காய் சாம்பார், ரசம், தயிர் என்று மூன்று தடவை சோறு போடச் சொல்லியிருக்கிறார். விஷயத்தை அவர்கள் சொன்னது ரசத்துக்கு அப்புறம்தானாம். பிள்ளைக்கு வேலை இல்லை, கடன் நிற்கிறது, உங்களுக்கு வசதி எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். மாமா கொஞ்சமும் அசரவில்லை என்று அத்தை சொன்னார்கள். "வசதிக்கு என்னங்க குறை? ஆறு ஏக்கர் நஞ்சை இருக்கு, ரெண்டு போகம் வெளையுது. எம் புள்ளை வாங்குன காசு எங்கங்க போயிடும்?" என்று சொல்லி, போகும்போது ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அவர்கள் சாப்பிட்டு, எழுதிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

தீபாவளி முடிந்த இரண்டாம் நாள் பேங்க் கடிதம் வந்தது. குடும்பத்துக்குச் சொந்தமாக ஆறு ஏக்கர் நன்செய் இருப்பது விசாரணையில் தெரிய வந்ததால் சலுகைக்கு இடமில்லை, பாக்கி ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துச் சொச்சத்தையும் முப்பது நாளில் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மாமாவிடம் நேராகப் போய், நீங்கள் போட்ட சாப்பாடு நமக்கு லட்சக்கணக்கில் ஆகிறது, இனி ஒரு ஏக்கரை விற்றுக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதுதான். அவர் எழுந்து வயலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஒரு பழைய பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே முழுக்கக் குத்தகை ரசீது. "அம்மாடி, ஆறு ஏக்கரும் கோயில் நெலம். நம்ம பேர்ல ஒரு குழிகூடக் கெடையாது" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சொந்த நிலத்தை உங்கள் காலேஜ் படிப்புக்கும் உங்கள் அக்கா கல்யாணத்துக்குமாக விற்றுப் பதினெட்டு வருஷம் ஆகிறதாம். என்னைப் பெண் கேட்டு வந்தபோது ஆறு ஏக்கர் சொந்தம் என்றுதானே எங்கள் அப்பாவிடம் சொன்னார்கள்? பன்னிரண்டு வருஷமாக நீங்களும் வாயைத் திறக்கவில்லை. அப்பாவும் பிள்ளையும் நன்றாகத்தான் கூட்டுச் சேர்ந்திருக்கிறீர்கள். நேரில் வாருங்கள், அதற்குத் தனியாகக் கச்சேரி இருக்கிறது. ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபத்தை விடச் சந்தோஷம்தான் அதிகமாக வந்தது. நிலம் இல்லை என்று தெரிந்து சந்தோஷப்பட்ட மருமகள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நான்காம் தேதி தஞ்சாவூருக்குப் போனோம். மாமா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பஸ்ஸில் ரசீதுப் பையை மடியிலேயே வைத்திருந்தார். பேங்கில் ஷோபனா என்று ஒரு மேடம், கடன் பிரிவு அதிகாரி. நல்ல மாதிரி. அப்பாவின் நிலத்துக்கும் மகனின் கார்டுக்கும் சட்டப்படி சம்பந்தமில்லை, ஆனால் விசாரணைக் குறிப்பில் ஏறிவிட்டதால் சொன்னவரே மறுத்துச் சொன்னால்தான் மேலே அனுப்ப முடியும் என்றார். "சொந்த நிலம்னு நீங்கதானேங்க ஐயா சொல்லியிருக்கீங்க?" என்று கேட்டார்.

மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "பொய் சொன்னேங்க" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி உரக்கச் சொன்னார். "நெலம் கோயிலுது. எம் மவனுக்குப் பத்து மாசமா வேலை இல்லை. என் வீட்ல சாப்பிட உக்காந்தவங்ககிட்ட எங்கிட்ட இல்லைன்னு சொல்ல வாய் வரலீங்க." அந்த அம்மா சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கொடுத்தார். மாமா தன் கையாலேயே ஒரு பக்கம் எழுதினார். நடுவில் நான் எழுதட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். என்னுடைய டியூஷன் வருமானம் ஐயாயிரத்து அறுநூறையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தேன். தவணைக்கு அதுவே போதும், சோற்றுக்கு வயல் இருக்கிறது. இடையில் ஒரு வசூல்காரன் தொண்ணூறாயிரத்தைத் தன் நம்பருக்கு அனுப்பினால் எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன் என்று என்னிடம் ஆசை காட்டினான். போடா என்று வைத்துவிட்டேன்.

நேற்றுப் பதில் வந்தது. நான் படிக்கப் படிக்க மாமா நின்றுகொண்டே கேட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வாய்க்கால் பாலத்து டீக்கடைக்குக் கிளம்பினார். பால் வாங்க நானும் பின்னாலேயே போயிருந்ததால் என் காதால் கேட்டேன். டிராக்டர் ஓட்டுகிற காத்தான் வழக்கம்போல, "மவன் சென்னையில எப்படிங்க இருக்கு?" என்றான். விஷயம் தெரிந்த பிறகும், வேலை ஜாஸ்தி, லீவு இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தவர் மாமா. நேற்று, "அவனுக்கு வேலை போயிடுச்சுப்பா, தேடிக்கிட்டிருக்கான். கடன் இருக்கு, தவணை வாங்கியிருக்கோம். அடுத்த வாரம் வர்றான்" என்றார். கடையில் யாரும் மூக்கில் விரலை வைக்கவில்லை. காத்தான் மட்டும், தன் தம்பியும் திருப்பூரிலிருந்து வேலை போய் வந்து உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கும் இரண்டு கார்டு இருக்கிறது, அந்த விண்ணப்பத்தை உங்கள் மருமகள் எழுதித் தருவார்களா என்று கேட்டான். இன்று காலை அவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். யாராவது விசாரிக்க வந்தால் சாப்பாடு போடு, பேச்சு மட்டும் அளந்து பேசு என்று சொல்லி அனுப்பினேன்.

இங்கே எல்லாரும் நலம். மழை நல்ல மழைதான், ஆனாலும் வயலில் தண்ணீர் நிற்கவில்லை, வடிந்துவிட்டது. அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பாப்பா கணக்கில் முழு மார்க். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், உடம்பு இளைத்துப் போய்விட்டது.

ஒப்பந்தத்தில் கார்டுக்காரர் நேரில் கையெழுத்துப் போட வேண்டுமாம். வருகிற 29ஆம் தேதி வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி, தஞ்சாவூர் கிளை. முந்தின நாளே வந்துவிடுங்கள். உங்களிடம் ஒன்றும் கேட்க மாட்டேன் என்று எழுதச் சொன்னார் மாமா. கூடவே ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்றும் எழுதச் சொன்னார்.

தீபாவளிக்கு வந்தபோது ஊர் அடங்கிய பிறகு வந்து, விடிவதற்குள் போய்விட்டீர்கள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். மாமா அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாரே தவிரத் தூங்கவில்லை. நீங்கள் போன பிறகு தெருமுனை வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

இந்தத் தடவை பகல் வண்டியில் வாருங்கள். கடைத்தெருவில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, எல்லாரும் பார்க்க நடந்து வாருங்கள். நீங்கள் ஒளிய வேண்டிய ஆள் இந்த ஊரில் இனி ஒருவரும் இல்லை.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் குந்தவை