வைக்கோல் குறையக் குறைய வளர்ந்த சடை

அன்புள்ள அக்கா,

இன்று காலை கேபிள் டிவிக்காரர் ஒருவர் நம் எண்ணெய் மெஷின் அறைக்கு வந்து, பளபளப்பான தாள் ஒன்றை மேசைமேல் வைத்தார். புது மை வாசனை. நம் தேங்காய் எண்ணெயைத் தினம் நான்கு முறை காட்டுவார்களாம். "இதுக்கு முன்னாடி செஞ்ச விளம்பரத்தால எவ்வளவு வித்துச்சு?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் அவரை உட்காரவைத்து முழுக் கதையும் சொல்லியிருப்பீர்கள்.

பட்டுக்கோட்டைக் கடைகளில் பெரிய கம்பெனி எண்ணெயெல்லாம் சின்னப் பாக்கெட்டுகளில் தொங்க ஆரம்பித்த வருடம் அது. நம்முடையதை யாரும் கேட்கவில்லை. ஆடிக்குள் விற்பனை ஏறாவிட்டால் மெஷினை விற்றுவிடுவதாகச் சொன்னீர்கள். விற்றால், எட்டாம் வகுப்போடு நின்று உங்களிடம் வேலைக்கு வந்த நான் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். என் அப்பா அங்கே ஆள் சேர்க்கிறவரிடம் பேசியே வைத்திருந்தார்.

கடைசி முயற்சியாக, மார்கழியில் சாலையோரக் களத்துச் சுவரில் நம் எண்ணெய்க்கு விளம்பரப் படம் எழுதவைத்தீர்கள். படத்துக்கு நிற்க வேண்டியது நான். "மொகத்தக் காட்டமாட்டேன்க்கா" என்று அழுதேன்.

"ஒன் மூஞ்சிய யாருடி கேட்டா? நான் விக்கிறது சடைய. திரும்பி நில்லு" என்றீர்கள்.

முழங்கால்வரை தொங்கும் சடையோடு என் முதுகு சுவரேறியது. தை அறுவடை முடிந்ததும் களத்துக்காரர் வழக்கம்போல அதே சுவரை ஒட்டி வைக்கோல் போர் போட்டார். படம் மொத்தமும் மறைந்தது. வருடா வருடம் பார்க்கிற போர்தான். நம் இருவருக்கும் அது தோன்றவே இல்லை! ஓடிப்போய்க் கேட்டோம். "மாடு திங்கத் திங்கத் தானா தெரியும், போங்கம்மா" என்றார்.

அப்படித்தான் நடந்தது. மேலிருந்து பிரித்துப் போடப் போட முதலில் தலை, அப்புறம் மல்லிகைச் சரம், அப்புறம் சடை. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "போன வாரம் தோளு வரைக்கும்தான் இருந்துச்சு, இப்ப இடுப்புக்கு வந்துடுச்சுடி!" என்றார்கள். கடைகளில் 'சடை எண்ணெய்' என்று கேட்டு வாங்கினார்கள்.

ஆனியில் நம் பாக்கெட்டுகள் பறந்தன. நீங்கள் மட்டும் நம்பவில்லை. "கல்யாண சீசன்ல எல்லா எண்ணெயுந்தான் விக்கும். சுவத்தாலதான் வித்துச்சான்னு வாங்குறவங்களையே கேளு. நான் கேட்டா மொகத்துக்காகச் சொல்லுவாங்க" என்று என்னைக் கடைவாசலில் தள்ளிவிட்டீர்கள்.

அரைமணி நேரம் தயங்கி நின்று, பால்கார அம்மா ஒருவரைக் கேட்டேன். "மொதப் பாக்கெட்டு அந்தச் சடையப் பாத்துத்தான். இது அஞ்சாவது. எங்க மாமியா தலைக்குச் சிக்கு எடுக்கறப்ப அவங்க திட்டறதில்ல, அதுக்காக!" என்றார்.

நீங்கள் தூணுக்குப் பின்னால் வாயைப் பொத்திச் சிரித்தீர்கள். அன்று சாயங்காலமே என் அப்பாவிடம் வந்து, "இவ எங்கயும் போகல, மெஷின் ஓடுது" என்றீர்கள்.

போன ஐப்பசிக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. உங்கள் வீட்டுக்காரர் மெஷினை விற்கவில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமைதோறும் கடைவாசலில் நின்று, எதைப் பார்த்து வாங்கினார்கள் என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்கிறேன். இன்னும் தயங்கித்தான் கேட்கிறேன். போன வாரம் ஒரு அக்கா, "சும்மா வாங்குனேன்டி, அதுக்கும் காரணம் கேப்பியா?" என்று சிரித்தார்.

அதையும் எழுதிக்கொண்டேன்.