நீதவானுக்கு ஒரு முட்டித் தண்ணீர்

இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில்: சமாதான நீதவான் அவர்கள் இன்று காலை நுளம்புப் புழு ஒன்றை விழுங்கி, இன்னொன்றை விழுங்க மறுத்து, பிறகு மனம் மாறி அதையும் விழுங்கினார். வால் நலம். செட்டை நலம். கோபம் வழக்கம்போல்.

சகலருக்கும் என்று எழுதிவிட்டேன், மச்சான். உன்னைத் தவிர இந்தச் செய்தி வேண்டியவர் ஒருவரும் இல்லை. நீயும் இல்லை. ஆனாலும் காலையில் முட்டியைக் கழுவிக் கவிழ்த்தபோது ஈரமண் மணத்தது. உடனே உங்கள் கிணற்றடி வந்து கண்முன்னே நின்றது. அதுதான் எழுதுகிறேன்.

உன் மாமா மலாயாவிலிருந்து வந்தபோது மற்றவர்களுக்கெல்லாம் சேலையும் குடையும், உனக்கு மட்டும் இரண்டு போத்தலில் இரண்டு சண்டைமீன். ஒன்று மற்றதைக் கண்டால் கிழித்துவிடும். கண்ணாடியில் தன்னையே கண்டாலும் செட்டையை விரித்துக்கொண்டு பாயும். உன்னுடையதற்குச் சமாதான நீதவான் என்று நான் பட்டம் சூட்டினேன். உங்கள் சைவ வீட்டில் மச்சம் படியேறக் கூடாது என்று உன் அம்மா சொல்லிவிட்டதால், நீதவான் கிணற்றடித் துலாவின் கீழே குடியிருந்தார். மச்சம் வளர்க்கிற மச்சான் என்று வகுப்பு முழுவதும் உன்னைக் கூப்பிட வைத்தவனும் நான்தான்.

மற்ற மீனை எனக்குத் தந்தாய். அரியாலைக்குக் கொண்டுவந்து எங்கள் கிணற்றுத் தண்ணீரில் விட்டேன். விடியப் பார்த்தால் மிதந்தது. சொன்னால் அடிப்பாய் என்றிருந்தேன். நீயோ, "உங்கடை உப்புத் தண்ணியிலை மீன் வளராதடா, கருவாடுதான் வளரும்" என்றாய்.

அதற்குப் பிறகுதான் மகாநாட்டு யோசனை வந்தது. ஊருக்கு ஊர் மகாநாடு நடக்கிறது, போத்தலில் மீன் வளர்க்கிறவன் மட்டும் என்ன பாவம் செய்தான் என்று கேட்டாய். பள்ளிக்கூடம் விட்டபின் சுன்னாகம் போகும் உன் ரயில் வரும்வரை ஸ்ரேசன் வாங்கில் குந்தியிருந்து திட்டம் போட்டோம். நீ தலைவர். நான் காரியதரிசி, பொருளாளர், தொண்டர்படை, எல்லாம். நான் மாலை, மேளம், வரவேற்புப் பத்திரம் என்று அடுக்கிக்கொண்டு போக, நீ ஒன்றையே பிடித்துக்கொண்டு நின்றாய்.

"வாறவை தங்கடை தங்கடை கிணத்துத் தண்ணியோடை வரவேணும். எங்கடை மகாநாட்டிலை ஒரு மீனும் சாகக் கூடாது."

மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. பரீட்சைக்குப் பயந்த காய்ச்சல் என்று வகுப்பில் பகிடி விட்டேன், எல்லாரும் சிரித்தார்கள். பரீட்சை முடிந்தது. நீ வரவில்லை.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அன்று உன் அம்மா போத்தலை என் கையில் தந்தார். "தம்பி, உந்த மீனை நீ கொண்டுபோ. எங்கடை தண்ணியிலைதான் இருக்குமெண்டு அவன் சொல்லுவான். சனிக்கிழமையிலை வந்து அள்ளிக்கொண்டு போ."

அன்று தொடக்கம் சனிக்கிழமைகளில் நான் சைக்கிளில் சுன்னாகம் போகிறேன். கழுத்தில் கயிறு கட்டி ஹாண்டிலில் தொங்கவிட வாய்ப்பானது கள்ளு முட்டி ஒன்றுதான். அரியாலையில் பாதிப்பேர் நான் கெட்டுப்போனேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கோண்டாவிலில் ஒரு வாத்தியார் மறித்து, முட்டிக்குள் என்ன என்று கேட்டார். "தண்ணிதான் சேர்" என்றேன். காதைப் பிடித்தவர், முட்டியை முகர்ந்து பார்த்த பிறகுதான் விட்டார். பக்கத்தில் நீ நின்று சிரித்திருந்தால் மற்றக் காதும் போயிருக்கும்.

மகாநாடு நடந்தது, மச்சான். நடத்தியவன் நான். வகுப்பில் நாலு பேரைப் பிடித்துச் சட்டையில் சிவப்பு ரிபன் குத்தித் தொண்டராக்கினேன். எங்கள் ஊர் வாசிகசாலை வாசலில் நின்று, வந்தவர்களையெல்லாம் "தண்ணி எங்கை?" என்று மறித்தார்கள். மானிப்பாயிலிருந்து ஒரு கொம்பவுண்டர் பொன்மீனும் தண்ணீர்க் குடமுமாக மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். குருநகர் யோசேப்பு, கடல் நிறைய மீன் கிடக்கப் போத்தலில் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகிறான் என்று தகப்பன் சிரித்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தான்.

ஸ்ரேசன் வாங்கில் நாம் திட்டம் போட்டிருந்த பகிடியையும் விடவில்லை. வெறும் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை மேசை நடுவில் வைத்து, "கண்ணாடி மீன், கூர்ந்து பார்க்கவும்" என்று எழுதி ஒட்டினேன். சனம் மொய்த்தது. கொம்பவுண்டர் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, வால் தெரிகிறது என்றார். யார் முதலில் சிரிக்கிறது என்று பார்க்கப் பக்கத்தில் திரும்பினேன். பக்கத்தில் சுவர்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று விடியவே சுன்னாகம் போய், உங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு துளி சிந்தாமல் கொண்டுவந்து நீதவானை அதில் விட்டேன். கண்ணாடி காட்டியதும் அவர் செட்டை விரித்த விரிப்பில் சபை பின்வாங்கியது. நீ சொன்னபடி ஒரு மீனும் சாகவில்லை.

அந்த ஒரு துளி விஷயம் கொஞ்சம் பொய். கொக்குவில் ரயில் கேற்றடியில் முட்டி கம்பியில் அடித்து உடைந்தது. றோட்டுக்கு அபிஷேகம். நீதவானைச் சின்னக் கிளாசில் ஒதுக்கிவிட்டு, பெரிய போத்தலைக் கழுவி வெறுமையாக வைத்துவிட்டு வந்திருந்தேன். திரும்பிப் போக நேரமில்லை. எங்கள் ஊர்த் தண்ணீரை ஊற்றி அவரை விட்டேன். அவர் சுகமாக இருந்தார். நடுவாரத்தில் போத்தல் குறையும்போதெல்லாம் சோம்பலில் நான் எங்கள் தண்ணீரில் ஒவ்வொரு சிரட்டை விட்டிருந்தேன். அதிலே எப்போதோ பழகிப்போயிருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை நான் போகத் தேவையே இல்லை. வெறுங்கையோடு உங்கள் வாசல் படலையில் போய் நின்றேன். துலாவின் கீழே புது முட்டி ஒன்று கழுவிக் கவிழ்த்திருந்தது.

"கொக்குவிலிலை முட்டி உடைஞ்சதாம்" என்றார் உன் அம்மா.

"ஓம் அம்மா."

"மீன் இருக்கோ?"

"இருக்கு."

எந்தத் தண்ணீரில் என்று கேட்பார் என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் துலாக்கொடியை இழுத்து, அள்ளி, முட்டியை நிரப்பினார். "இந்தமுறை கயித்தை நானே இறுக்கிக் கட்டியிருக்கிறன்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகும் போகிறேன். இன்றும் சனிக்கிழமை. கொண்டுவருகிற தண்ணீரை நீதவானுக்கு விடுவதில்லை. சிரிக்காதே மச்சான், அதை நான்தான் வாரம் முழுவதும் வைத்துக் குடிக்கிறேன்.